எங்களைக் கண்டதும் குணமாகிற மிஷின்

"உங்க ஆலையில ஒரு பேரிங்கை உடைச்சுப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? நான் கேட்டேன். நாமக்கல் ரோட்டில் இருக்கிற கோழித்தீவன ஆலை ஒன்று விடாமல் ஏறி இறங்கிக் கேட்டேன். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொருவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்து, அதே மரியாதையோடு கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். மூன்றாமவர் நாயை அவிழ்க்கப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாயின் மேல்தான் கொஞ்சம் வருத்தம்.

நானும் கிருத்திகாவும் அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறோம். சுற்றுகிற மிஷின் எதுவானாலும் அதில் ஒரு சென்சாரை ஒட்டி, அதன் அதிர்வை வைத்தே எந்த இடத்தில் கோளாறு வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு இதைக் கற்றுக்கொடுக்க, கெட்டுப்போன மிஷின் எப்படியெல்லாம் அதிரும் என்று ஆயிரக்கணக்கில் மாதிரி காட்ட வேண்டும். நல்ல மிஷின் எங்கும் கிடைக்கும். கெட்ட மிஷினை யார் ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள்? பேரிங் போனால் அன்றைக்கே மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

ஆகவே கிருத்திகா கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஹேமர் மில்லைக் கட்டினாள். மக்காச்சோளத்தை அடித்து மாவாக்குகிற மிஷின் அது. உள்ளே ஒரு ஷாஃப்ட்டில் வரிசையாகச் சுத்தியல்கள் தொங்கும். ஷாஃப்ட்டை மோட்டார் பக்கம் ஒரு பேரிங்கும் கடைசிப் பக்கம் ஒரு பேரிங்கும் தாங்கும். அந்தத் திரை மிஷினில் நாங்கள் ஆசை தீரப் பேரிங்கில் பள்ளம் போட்டோம், ஷாஃப்ட்டை வளைத்தோம், போல்ட்டைத் தளர்த்தினோம். ஒவ்வொன்றுக்கும் மிஷின் எப்படித் துடிக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்து, கோளாறைக் கண்டுபிடிக்கப் பழகுகிற புரோகிராமுக்கு, அதாவது எங்கள் மாடலுக்கு, ஊட்டினோம். நாயை அவிழ்க்க அங்கே ஆள் இல்லை.

ஆனால் திரையில் படித்த படிப்பு ஆலையில் அப்படியே செல்லாது. நிஜ மிஷின் தூசிக்கு நடுவில், பழைய தரையில், பக்கத்து மிஷின்களின் இரைச்சலோடு நிற்கும். படித்ததை மறக்காமல் புது இடத்துக்கு மாடலைப் பழக்க வேண்டும். மைதானத்தில் ஸ்கூட்டி கற்றவளை ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டவைப்பது மாதிரி. மிஷின் ஆரோக்கியமாக ஓடும்போது பிடித்த நிஜ அதிர்வு கொஞ்சம் கிடைத்தால் போதும். அதற்குத்தான் ஒரே ஒரு ஆலை வேண்டியிருந்தது.

சம்மதித்தவர் அமுதவல்லி அக்கா மட்டும்தான். ராசிபுரம் தாண்டி ஆண்டகலூர் கேட் பக்கம் அவருடைய தீவன ஆலை. கணவர் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். ஆலை அக்காவின் ராஜ்ஜியம்.

"உடைக்கறதெல்லாம் ஆகாதுங்க அம்மிணி. ஒட்டறதுன்னா ஒட்டிக்குங்க," என்றார். "ஆனா ஒண்ணு. மிஷினு வீணா நிக்கக் கூடாது. இந்தச் சுத்துவட்டாரத்துக் கோழியெல்லாம் என்னைய நம்பித்தான் கெடக்குது."

ஒட்டினோம். பிறகு சில நாட்கள் லேப்டாப்போடு அங்கேயே போய் உட்கார்ந்து, மிஷினின் ஆரோக்கியமான அதிர்வைப் பதிவு செய்தோம். உபசாரத்தைச் சொல்லி மாளாது. ஃபேனுக்கு நேர் கீழே இரண்டு நாற்காலி. சில்வர் டம்ளரில் காபி. சுடச்சுட முட்டை போண்டா. மிஷின் ஓட்டுகிற மணியன் அண்ணன் இருக்கிறாரே, நாங்கள் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிஷினை நோக்கி ஓடுவார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் பார் என்று கிருத்திகாவிடம் மெச்சிக்கொண்டேன். மிஷினும் தாலாட்டுக் கேட்ட குழந்தையாக ஓடியது. பதிவெல்லாம் முடிந்ததும், சிம் கார்டு போட்ட ஒரு டப்பாவை மிஷின் பக்கத்தில் மாட்டிவிட்டுச் சேலம் திரும்பினோம். அந்த டப்பா முழு அதிர்வையும் அனுப்பாது. சுருக்கத்தை மட்டும் அனுப்பும். சந்தேகம் வந்தால் எங்கள் போனில் சிவப்புக் காட்டி அலறும்.

மறுநாளே அலறியது. மோட்டார் பக்கத்து பேரிங் சரியில்லை என்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நோயாளி! இரண்டு பேரும் ஸ்கூட்டியில் சீலநாயக்கன்பட்டி, மல்லூர் என்று பறந்தோம். ஆலைக்குள் நுழைந்து போனைப் பார்த்தால் பச்சை. மிஷின் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி வந்தது, காபி வந்தது, போண்டா வந்தது. நாங்கள் மென்று முடிக்கும்வரை பச்சை. கிளம்பி மல்லூர் வந்தோம். சிவப்பு.

இரண்டாவது முறையும் இதே கதை. அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, மிஷினுக்கு உங்களைப் பாக்கோணும்னு ஆசையாட்டம் இருக்குது. வந்தாப் போதும், நல்லாயிருது."

மூட்டை தைக்கிற பெண்கள் எங்கள் டப்பாவுக்கு அழுகுணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அம்மா அதைப் பற்றி மாதாவிடம் தனியாக ஜெபமே வைத்திருக்கிறார். மூன்றாவது முறை அலறியபோது நான் உடனே கிளம்பவில்லை. போனிலேயே அக்காவிடம், "உடனே நிறுத்துங்கக்கா. பேரிங்கைக் கழட்டிப் பாருங்க. நாங்க வந்தா அது நடிக்குது," என்று கத்தினேன்.

அக்கா நிறுத்தினார். ஃபிட்டர் மாதேஸ்வரன் வந்து பேரிங்கைக் கழற்றினார். பின்னாலேயே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதைத் துடைத்து உள்ளங்கையில் வைத்து எனக்கு நீட்டினார். கல்யாணப் பெண் வளையல் மாதிரி மின்னியது.

"மேடம், இதுல கொறை கண்டுபுடிக்கோணும்னா நான் இன்னொரு சென்மம் எடுக்கோணும்," என்றார்.

அதற்குள் பொழுது பாதி போயிருந்தது. பண்ணைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அக்காவை அழைத்து, தீவனம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கண்ணு, படிச்ச புள்ளைங்க, ஆசையா செய்யறீங்கன்னு உட்டேன். இனி ஒருக்கா இந்த அழுகுணி பொய்யழுகை அழுதுச்சுன்னா கழட்டிக் கையில குடுத்துருவேன். மனசுல வெச்சுக்காதீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இந்த ஆலை போனால் எங்களுக்கு வேறு ஆலை இல்லை. நிஜ ஆலை இல்லையென்றால் எங்கள் மாடல் திரை மிஷினுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற டாக்டர். நான் ஓசூரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தது அதற்கா?

மறுநாள் ஆபீஸில் சண்டை. நீ சென்சாரைச் சரியாக ஒட்டவில்லை என்றாள் கிருத்திகா. உன் திரை மிஷினே கோணல் என்றேன் நான். கீழே பல் டாக்டரின் டிரில் 'ஙொய்ங்' என்று இரைந்தது. அதையும் விடாமல், அதன் பேரிங்கும் சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அவள் லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே பாருடி. எனக்குக் கண்ணெல்லாம் செவப்பா தெரியுது," என்று டீ குடிக்கப் போய்விட்டாள்.

நான் பார்த்தேன். டப்பா அனுப்பியதெல்லாம் ஒரு நீளப் பட்டையாகத் திரையில் ஓடியது. பெரும்பாலும் சிவப்பு. நாங்கள் போன நேரமெல்லாம் பச்சை. அது தெரிந்ததுதான். ஆனால் நாங்கள் போகாத நாட்களிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் பச்சைத் துண்டுகள் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்களைக் கண்டால்தான் குணமாகிறது என்றால், அன்றைக்கு யாரைக் கண்டு குணமானது?

அக்காவுக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆலையில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அன்னைக்கா? ஒண்ணும் விசேசமில்லீங்களே. தம்பியோட சம்பந்தி ஊட்டுக்காரங்க பத்திரிக்கை வெக்க வந்திருந்தாங்க. ஒக்காந்து பேசிப்போட்டுப் போனாங்க."

"வெள்ளிக்கிழமை காலையில?"

"கோயில் வசூலுக்கு வந்தாங்க."

என் காது சூடானது. பட்டையை நகர்த்தினேன். இன்னொரு பச்சை தெரிந்தது.

"அக்கா, அதுக்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம் யாரோ விருந்தாளி வந்திருக்காங்க. சரியா?"

எதிர்முனையில் அக்கா மணியனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி," என்றார் அக்கா மெதுவாக, "அந்த டப்பாவுக்குள்ள கேமரா ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

விருந்தாளி வந்தால் மிஷின் குணமாகிறது! நான் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, டீக்கடையில் நின்ற கிருத்திகாவிடம் சொன்னேன். அவளுக்கு ராசிபுரம்தான் சொந்த ஊர். டம்ளரை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ ஜெஸ்ஸி! எங்க மாமாவோட மில்லுலயும் அப்படித்தான்டி. ஆளுங்க வந்தா மிஷினை மெதுவாக்கிருவாங்க. வந்தவங்க மேல மாவு பறக்கக் கூடாது, பேசறது காதுல விழோணும். அது ஒரு மரியாதை. இத்தனை நாளா எனக்கு மண்டையில ஒறைக்கவே இல்ல பாரு."

மணியன் அண்ணனின் ஓட்டம் எதற்கென்று இப்போது விளங்கியது. எங்களைப் பார்த்துக் கும்பிட்ட கையோடு போய், மிஷினுக்குள் சோளம் விழுகிற ஷட்டரை இறக்கியிருக்கிறார். வயிறு காலியாக மிஷின் சும்மா சுற்றியிருக்கிறது. அதைத்தான் நாங்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து, ஆரோக்கியம் என்றால் இதுதான் என்று மாடலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நாங்கள் கிளம்பிப் போனதும் ஷட்டர் ஏறும், சோளம் கொட்டும், மிஷின் தன் அன்றாட வேலையைச் செய்யும். மாடல் பயந்துபோய், ஐயோ பேரிங் போச்சு என்று அழும். மிஷின் எவ்வளவு லோடில் ஓடுகிறது என்று அளக்க மோட்டாரின் கரண்ட்டைப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இரண்டு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. போண்டா அவ்வளவு நன்றாக இருந்தது.

நேராக ஆலைக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். மணியன் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"வந்தவங்க மேல மாவைக் கொட்ட முடியுங்களா? நீங்க போனதுக்கப்பறம் சேத்தி ஓட்டி ஈடுகட்டிக்குவமுங்க."

"இனி நாங்க இருக்கும்போதே முழு லோடுல ஓட்டுங்கண்ணா. அதைத்தான் நாங்க மறுபடியும் பதிவு பண்ணணும்," என்றேன்.

"ஆகட்டுமுங்க," என்றார் அவர். அக்காவும், "ஓட்டு மணியா," என்றார். ஷட்டர் ஏறியது. கிருத்திகா ஒரு தும்மல் தும்மினாள். ஷட்டர் இறங்கியது. மறுபடி ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். நான் கண்ணைத் துடைத்தேன். இறக்கினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் கை அப்படிப் பழகியிருந்தது. அக்காவாவது அதட்டுவார் என்று பார்த்தால், அவரே நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க அம்மிணி? நிக்கவெச்சு மாவுல குளிப்பாட்டி அனுப்புனா உங்கூட்ல என்ன நெனப்பாங்க?"

எனக்கு வந்ததே கோபம்! துப்பட்டாவை அவிழ்த்துத் தலையில் முண்டாசாகக் கட்டினேன். நாற்காலியைத் தூக்கி ஆபீஸ் ரூமுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். போண்டாத் தட்டை மூட்டை தைக்கிற பெண்களிடம் கொடுத்தேன். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "நாங்க விருந்தாளி இல்ல. இன்னைக்கு வேலைக்கு வந்திருக்கோம். சொல்லுங்க, எங்க கூட்டணும்?" என்றேன்.

மூட்டை தைக்கிற பெண்களில் ஒருத்திதான் முதலில் சிரித்து, "அங்க கூட்டு அம்மிணி, மிஷினுக்கு அடியில," என்று கை காட்டினாள்.

கூட்டினேன். சாக்குப் பிடித்தேன். கிருத்திகா லேப்டாப்பை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு மூடி, ஒயரைச் சென்சாரில் மாட்டிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் மணியன் அண்ணனின் கை ஷட்டருக்கும் எங்களுக்கும் நடுவில் தவித்தது. அரை ஷட்டர், முக்கால் ஷட்டர் என்று பேரம் பேசியது. வேலை சூடு பிடித்தது. லாரி வந்தது, மூட்டை ஏறியது, அக்கா யாரையோ போனில் விரட்டினார். ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் எல்லோருக்கும் ஊற்றிய டீயே எனக்கும் வந்தது. எப்போது என்று தெரியவில்லை, எல்லோரும் எங்களை மறந்துவிட்டார்கள். ஷட்டர் முழுக்க ஏறியது.

அப்போதுதான் அந்த மிஷினின் நிஜமான சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். தரை அதிர்ந்தது. கையில் இருந்த டீயில் வளையம் வளையமாக அலை எழுந்தது. சோளம் முழுக்க அடிபடுகிற அந்தக் கர்ஜனையில் என் மூக்கு, காது, இமை எல்லாம் மஞ்சள் மாவு அப்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கிருத்திகா இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள்.

புதிய பதிவோடு மாடலை மறுபடியும் பழக்கினோம். கூடவே மோட்டார் ஒயரில் கரண்ட்டை அளக்கிற கொக்கி ஒன்றையும் மாட்டினோம். பட்டை முழுக்கப் பச்சை. விருந்தாளி வந்தாலும் பச்சை, போனாலும் பச்சை. அழுகுணி வாயை மூடிக்கொண்டது என்று ஆலையில் எல்லோருக்கும் திருப்தி. அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

இரண்டு வாரம் போயிருக்கும். போன் அலறியது.

இந்த முறை கடைசிப் பக்கத்து பேரிங். இதுவரை ஒரு தடவைகூட முணுமுணுக்காத பேரிங். கிருத்திகா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சொன்னால், அக்கா மிஷினை நிறுத்த வேண்டும். நிறுத்திக் கழற்றி, அதுவும் வளையல் மாதிரி மின்னினால் எங்கள் கதை முடிந்தது. சொல்லாமல் விட்டு, அது நிஜமாகவே உடைந்தால் ஷாஃப்ட்டும் போகும், பக்கத்தில் நிற்கிற மணியன் அண்ணனுக்கும் ஆபத்து. கோபப்படக்கூட ஆள் இல்லை.

"உண்மையா பொய்யான்னு கழட்டாம தெரிஞ்சுக்க வழியே இல்லியாடி?" என்றாள் கிருத்திகா.

"இருக்கு," என்றேன். "ஒரு விருந்தாளி வேணும்."

எங்களுக்கு ஷட்டர் இறங்காது. நாங்கள்தான் விளக்குமாறு பிடித்தவர்கள் ஆயிற்றே. நான் அம்மாவுக்குப் போன் போட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிளம்பு, அமுதவல்லி அக்கா உன்னைப் பார்க்க வேண்டுமென்கிறார் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை, யார் வந்தாலும் அக்காவுக்குச் சந்தோஷம்தான். அம்மாவுக்கு இந்த மாதிரி அழைப்பு என்றால் உயிர். ஈஸ்டருக்கு இளம்பிள்ளை வரைக்கும் போய் எடுத்த சேலை வெளியே வந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதென்று நாலு ரோட்டில் இறங்கி ஒரு பிளம் கேக்கும் வாங்கிக்கொண்டார்.

கிருத்திகா அம்மாவை அழைத்து வருவதற்குள் நான் பஸ்ஸில் முன்னால் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சோளம் அடிபடற இரைச்சலைக் கேட்டு டப்பா பயந்து அழுதா, ஷட்டரை இறக்கினதும் அழுகை நின்னுடும், அக்கா. பேரிங்ல நிஜமா கோளாறு இருந்தா நிக்காது. பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. பொய்யா இருந்தா டப்பாவை நானே கழட்டிக்கறேன்."

"யாரு விருந்தாளி?"

"எங்கம்மா."

"அடக் கடவுளே, ஊட்ல சொல்லி ஒரு பலகாரம்கூடப் பண்ணுலியே!" என்று அவர் பதறியதில் பேரிங் விஷயம் காதில் ஏறியதா என்றே எனக்குச் சந்தேகம்.

மணியன் அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கேட்டுக்குள் ஸ்கூட்டி நுழைந்தது. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் கேக் பெட்டியும் தலையில் மல்லிகையுமாக வந்த அம்மா இறங்கினார். மணியன் அண்ணன் ஒரு கும்பிடு போட்டார். ஓடினார். ஷட்டர் விழுந்தது.

கர்ஜனை அடங்கியது. கரண்ட் அளவு சர்ரென்று இறங்கியது. நானும் அக்காவும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, "எவ்வளவு அமைதியான மிஷின்! இதுக்காடி நீ இத்தனை நாளா சாப்பாடு தூக்கம் இல்லாம அலைஞ்சே?" என்றார்.

சிவப்பு போகவில்லை.

கிருத்திகா லேப்டாப்பை ஒயரில் மாட்டித் திரையைத் திருப்பிக் காட்டினாள். சோளத்தின் இரைச்சல் விலகியதும் ஒரே ஒரு துடிப்பு தனியாகத் தெரிந்தது. சீராக, டக் டக் என்று, இடைவெளி மாறாமல். எனக்கு அது பழக்கமான துடிப்பு. அஸ்தம்பட்டி மாடியில், திரை மிஷினில், பேரிங்கின் வெளி வளையத்தில் நாங்கள் பள்ளம் போட்டு விளையாடியபோது வந்த அதே துடிப்பு. மயிர்க்கூச்செறிந்தது.

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார். சிவப்பையும், அம்மாவையும், இறங்கிக் கிடந்த ஷட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விருந்தாளி வந்தும் அழுகுதுன்னா நெசமாத்தான் வலிக்குதாட்டம்," என்றார். "மணியா, மிஷினை நிறுத்து. மாதேஸ்வரனைக் கூப்புடு."

மாதேஸ்வரன் வந்து கழற்றுகிற வரைக்கும் நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாதேஸ்வரன் பேரிங்கைத் துடைத்தார். வெளி வளையத்தின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நகம் தடுக்கி நின்றது.

"வா மேடம், வந்து தொட்டுப் பாரு," என்றார். சந்தோஷத்தில் மரியாதை மறந்துவிட்டது.

தொட்டேன். அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். சொரசொரவென்று, நிஜமாக. கிருத்திகா என்னை இடித்துத் தள்ளிவிட்டுத் தானும் தொட்டாள். பிறகு நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு குதித்த குதியில் மூட்டை தைக்கிற பெண்கள் தையலை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கெட்டுப்போன பேரிங்கைப் பார்த்து இத்தனை பேர் கொண்டாடி நான் கண்டதில்லை. அம்மா எதுவும் புரியாமல் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்.

அக்கா அந்தப் பள்ளத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கியிருக்கும்?" என்று மாதேஸ்வரனைக் கேட்டார்.

"அதைச் சொல்ல முடியாதுங்கக்கா. போகறப்ப சொல்லீட்டுப் போகாது."

அக்கா எழுந்து போய், அழுகுணி டப்பாவின் மேல் படிந்திருந்த மாவைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். பொழுது சாய்வதற்குள் புது பேரிங் ஏறியது. கோழிகளுக்குத் தீவனம் கொஞ்சம் தாமதமாகப் போனது. கேட்டவர்களிடமெல்லாம் அக்கா, "எங்க டப்பா சொல்லுச்சு, நிறுத்தினோம்," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்க டப்பா! கிருத்திகா என் விலாவில் குத்தினாள்.

அடுத்த வாரம் சென்சார் ஒயர் ஒன்றைச் சரிபார்க்க நான் மட்டும் தனியாகப் போனேன். ஸ்கூட்டியைக் கேட்டுக்குள் விட்டேன். மணியன் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, கும்பிடவில்லை. ஆபீஸ் ரூமிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"யாரு மணியா?"

"யாருமில்லீங்கக்கா. நம்ம ஜெஸ்ஸிதான்."

ஷட்டர் அப்படியே முழுசாக ஏறி நின்றது. மிஷின் கொஞ்சமும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளாமல் என் முகத்துக்கு நேரே முழங்கியது. அன்றைக்குத்தான் தலைக்குக் குளித்துவிட்டுப் போயிருந்தேன். கூந்தலெல்லாம் மாவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசியால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மூலையில் இருந்த விளக்குமாற்றைக் காட்டி, வந்தது வந்தாய், மிஷினுக்கு அடியில் ஒரு கை கூட்டிவிட்டுப் போ என்று சைகை செய்தார் மணியன் அண்ணன்.